பயாப்சி ரிப்போர்ட் வந்த பிறகு: ஆரம்பநிலை புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது

ரிப்போர்ட்டில் ‘அடினோகார்சினோமா’ என்று போட்டிருக்கிறது. மகன் அதைப் போனில் தேடிப் பார்த்துவிட்டான். சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் நான்கு ஆஸ்பத்திரிகளின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். நாளைக்கே சேர்த்துவிட வேண்டும் என்கிறார் ஒருவர்; கத்தி வைத்தால் பரவிவிடும், தொடவே கூடாது என்கிறார் இன்னொருவர். புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கத்து வீடுகளில் இந்தச் செய்தி வந்து விழுகிற விதம் பெரும்பாலும் இப்படித்தான். நோயாளிக்கு அப்போது வேண்டியவை அவகாசமும் சரியான தகவலும். அவகாசம் இருக்கிறது. தகவலுக்குத்தான் இந்த அத்தியாயம்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, நீர்க்குழாயைச் சுற்றி அமைந்த, பெரிய நெல்லிக்காய் அளவுச் சுரப்பி. விந்து நீரின் ஒரு பகுதி அங்கே சுரக்கிறது. வயதானால் அது வீங்குவது சாதாரணம். அந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. புற்றுநோய் வந்தும் அது சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தால் அதை ஆரம்பநிலை என்கிறோம். அப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்பவை. ரிப்போர்ட் வந்த பிறகு சில வாரங்கள் யோசித்து, இரண்டு டாக்டர்களைப் பார்த்து முடிவெடுப்பதால் குணமாகும் வாய்ப்பு குறைந்துவிடாது. நோயின் வேகம் அதிகம் என்று ரிப்போர்ட் சொல்கிறவர்கள் மட்டும் இந்த அவகாசத்தை இழுத்துக்கொண்டே போகக் கூடாது. வேகத்தை எப்படிக் கண்டுகொள்வது என்று கீழே சொல்கிறேன்.

கத்தி பட்டால் பரவும் என்ற பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. இடுப்பு வலி, முதுகு வலி என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்துவிட்டு, எலும்புக்குப் பரவிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், பயாப்சி செய்து, கொஞ்ச நாளில் இறந்தவர்களை ஊர் பார்த்திருக்கிறது. அவர்களுக்கு நோய் பரவியது ஊசி குத்துவதற்கு வெகு முன்பே. பயாப்சியால் புராஸ்டேட் புற்றுநோய் பரவி உயிர் போவதில்லை. இதை வீட்டுப் பெரியவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர்களை மடக்கிப் பேசினால் அடுத்த சிகிச்சைக்கும் தடை போடுவார்கள்.

நம் கிராமங்களில் இந்த நோய் ஆரம்பத்திலேயே தெரியவருவது இரண்டு வழிகளில். ஒன்று, ராத்திரியில் நாலைந்து தடவை ஒண்ணுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று போனவருக்கு பி.எஸ்.ஏ. என்ற ரத்தச் சோதனை எடுத்து, அது கூடியிருந்து, பயாப்சி செய்வது. மற்றொன்று, நீர் அடைப்புக்காகக் குழாய் வழியே சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் டி.யு.ஆர்.பி. ஆபரேஷன் முடிந்து, எடுத்த சதையைச் சோதித்ததில் புற்றுநோய் தெரிவது. இந்த இரண்டாவது வகையில் வீட்டார் பலர் ஏமாந்துபோகிறார்கள். “ஏற்கெனவே ஆபரேஷன்ல எடுத்தாச்சே” என்று நினைத்து மறுபடி போவதே இல்லை. சுரண்டி எடுத்தது நீர் போகும் பாதையை மட்டும்தான். சுரப்பியின் வெளிப்பகுதி உள்ளே அப்படியே இருக்கிறது. புற்றுநோய் பெரும்பாலும் அந்த வெளிப்பகுதியில்தான் உருவாகும். அந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் டிஸ்சார்ஜ் ஆன பிறகு சதைப் பரிசோதனை முடிவைக் கட்டாயம் போய் வாங்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள்

பி.எஸ்.ஏ. எண், கிளீசன் எண், கட்டி எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைச் சொல்லும், ‘டி’ என்று தொடங்கும் நிலை. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் எந்த டாக்டரிடமும் போக வேண்டும்.

கிளீசன் எண்தான் அதிகம் பயமுறுத்துவது. டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் டாக்டர் 1960-களில் வகுத்த முறை இது. நுண்ணோக்கியில் புற்றுச் செல்கள் எந்த அமைப்பில் இருக்கின்றன என்று பார்த்து, அதிகமாகத் தெரியும் அமைப்புக்கு ஒரு எண், அடுத்ததற்கு ஒரு எண் கொடுத்து இரண்டையும் கூட்டுவார்கள். 3+3=6 என்று வந்தால், பத்துக்கு ஆறு, பாதிக்கு மேலே போய்விட்டது என்று நினைத்துப் பலர் இடிந்துபோகிறார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் இன்று நடைமுறையில் கொடுக்கப்படும் ஆகக் குறைந்த எண்ணே 6 தான். அதற்குக் கீழே கொடுப்பதில்லை. இந்தக் குழப்பத்துக்காகவே இப்போது 1 முதல் 5 வரை ‘கிரேடு குரூப்’ என்றும் சேர்த்து எழுதுகிறார்கள். கிளீசன் 6 என்றால் கிரேடு குரூப் 1. கூட்டுத்தொகை 7 ஆனால் முதல் எண்ணைக் கவனியுங்கள்: 3+4 என்பது குரூப் 2, 4+3 என்பது குரூப் 3. இரண்டும் ஒன்றல்ல. 8 குரூப் 4. 9, 10 இரண்டும் குரூப் 5. இவை வேகமானவை.

பி.எஸ்.ஏ. 10-க்குள், கிளீசன் 6, மலவாய் வழியே விரலால் பார்க்கும்போது கட்டி தட்டுப்படாமலோ சுரப்பியின் ஒரு பக்கத்தில் சின்னதாகவோ இருப்பது: இது குறைந்த ஆபத்துள்ள வகை. பி.எஸ்.ஏ. 10-லிருந்து 20 வரை, அல்லது கிளீசன் 7: நடுத்தர ஆபத்து. பி.எஸ்.ஏ. 20-க்கு மேல், அல்லது கிளீசன் 8 முதல் 10 வரை: அதிக ஆபத்து. நீங்கள் எந்த வகை என்று டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். இதற்குப் பதில் தெரியாமல் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் வைத்துக் கலங்கவும் வேண்டாம், நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். நீர்த்தாரையில் கிருமி தொற்றினாலும், டியூப் போட்டிருந்தாலும் அது கூடும். வீக்கம் குறைய ஃபினஸ்டிரைடு, டூடஸ்டிரைடு போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு அது உண்மை அளவில் ஏறக்குறைய பாதியாகத்தான் காட்டும். மருந்துச் சீட்டுகளை, நாட்டு மருந்து உட்பட, மறைக்காமல் காட்டுங்கள்.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். பயாப்சியில் எடுத்த சதையின் ஸ்லைடும் மெழுகுக் கட்டியும் லேபில் பத்திரமாக இருக்கும். எழுதிக் கொடுத்தால் அவற்றை வாங்கலாம். அவற்றைப் பெரிய புற்றுநோய் மையத்தில் கொடுத்து மறுபடி பார்க்கச் சொன்னால் சில சமயம் கிளீசன் எண் மாறும்; எண் மாறினால் சிகிச்சையும் மாறும். பெரிய முடிவுக்கு முன் இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

ஸ்கேன் விஷயத்தில் சுருக்கமாக. எம்.ஆர்.ஐ. உபயோகமானது, பயாப்சிக்கு முன்பு எடுக்காவிட்டால், ரத்தக் கசிவு ஆற சில வாரம் விட்டு எடுப்பார்கள். நோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் எலும்பு ஸ்கேனும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனும் குறைந்த ஆபத்து வகைக்குப் பொதுவாகத் தேவையில்லை. அதிக ஆபத்து வகைக்கு அவசியம்.

ஆயிரத்து அறுநூறு பேரைப் பதினைந்து வருடம் பார்த்த ஆய்வு

பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை, 50 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. பார்த்து, ஆரம்பநிலையில் நோய் தெரிந்தவர்களில் 1,643 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆபரேஷன், ஒரு பகுதியினருக்குக் கதிர்வீச்சு, மற்றவர்களுக்கு உடனடிச் சிகிச்சை ஏதுமின்றிக் கண்காணிப்பு. யார் எந்தப் பகுதி என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ‘புரொடெக்ட்’ என்ற இந்த ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023-இல் வெளியானது. மூன்று பகுதியிலும் சேர்த்து புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர். கண்காணிப்பில் 17, ஆபரேஷனில் 12, கதிர்வீச்சில் 16. நூற்றுக்கு மூன்றை ஒட்டிய எண்ணிக்கைதான் எல்லாவற்றிலும். வேறு காரணங்களையும் சேர்த்து அந்தப் பதினைந்து ஆண்டில் இறந்தவர்கள் 356 பேர். இந்த நோயைவிட மாரடைப்பும் மற்றவையும்தான் அவர்களை அதிகம் கொண்டுபோயிருக்கின்றன.

கண்காணிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு நோய் வேறு இடங்களுக்குப் பரவியது. சிகிச்சை பெற்ற இரண்டு பகுதியிலும் அது சுமார் 5. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதோடு, கண்காணிப்பில் தொடங்கியவர்களில் பத்தில் ஆறு பேர் பதினைந்து வருடத்துக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் ஆபரேஷனோ கதிர்வீச்சோ எடுத்துக்கொண்டார்கள். நால்வரில் ஒருவர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலேயே உயிரோடு இருந்தார்.

இந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது. அங்கே தொந்தரவு எதுவும் இல்லாதவர்களைத் தேடிப்போய்ச் சோதித்தார்கள். நம்மிடம் தொந்தரவு வந்த பிறகு போகிறவர்களே அதிகம். அந்த ஆய்வில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குறைந்த, நடுத்தர ஆபத்து வகையினர். கிளீசன் 9 உள்ள ஒருவர் இதைக் காட்டி, எனக்கும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் அது தவறு. ஆனால் குறைந்த ஆபத்து வகைக்கு இந்த ஆய்வு ஒரு பெரிய நிம்மதியைத் தருகிறது: எந்த வழியில் போனாலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய சமம். அப்படியென்றால் தேர்வு எதை வைத்து? ஒவ்வொரு வழியும் நீர் போவதிலும், மலம் கழிப்பதிலும், மனைவியோடு இருப்பதிலும் என்ன மாற்றத்தைக் கொண்டுவருகிறது என்பதை வைத்து. அதற்கான பதில் டாக்டரிடம் இல்லை, மகனிடமும் இல்லை. நோயாளியிடம்தான் இருக்கிறது.

கண்காணிப்பு

குறைந்த ஆபத்து வகைக்கு இன்று உலகம் முழுக்க டாக்டர்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். நம் ஊரில் இதைக் கேட்டால், “கேன்சரை உள்ள வச்சிக்கிட்டு சும்மா இருக்கிறதா?” என்பார்கள். சும்மா இருப்பது அல்ல இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., வருடம் ஒருமுறை விரல் சோதனை, ஒரு வருடம் கழித்து மறுபடி பயாப்சி, பிறகு சில வருட இடைவெளியில் எம்.ஆர்.ஐ.யும் பயாப்சியும். நோய் வேகம் எடுப்பது தெரிந்தால் அப்போது சிகிச்சை. வேகம் எடுக்காவிட்டால் ஆபரேஷனின் பக்கவிளைவு ஒன்றுகூட இல்லாமல் காலம் போகும்.

இதில் எனக்குள்ள ஒரே கவலை தேதி தவறுவது. நடவு, அறுவடை, வீட்டில் ஒரு கல்யாணம் என்று முதல் ஆறு மாதம் எட்டாகும், அடுத்தது வராமலே போகும். தேதி தவறாமல் போக முடியாதவருக்குக் கண்காணிப்பு சரியான வழி அல்ல. இதை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லலாம். போக முடியும் என்பவர் அடுத்த பி.எஸ்.ஏ. தேதியைக் காலண்டரில் குறித்து, வீட்டில் இளையவர் ஒருவரின் பொறுப்பில் விட்டுவிட வேண்டும்.

75 வயதைத் தாண்டி, சர்க்கரையும் இதய அடைப்பும் உள்ளவர்களுக்கு மறுபடி மறுபடி பயாப்சியும் வேண்டாம். தொந்தரவு வந்தால் அதற்கு மட்டும் மருந்து என்று விட்டுவிடலாம். இன்னும் பத்து வருடம் வாழ்வார் என்று எதிர்பார்க்கிறவருக்குத்தான் ஆபரேஷனாலும் கதிர்வீச்சாலும் பலன் என்பது பொதுவான கணக்கு. அப்பாவுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டோமே என்று பிள்ளைகள் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை.

ஆபரேஷன்

சுரப்பி முழுவதையும், விந்துப் பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையையும் நீர்க்குழாயையும் இணைத்துத் தைப்பார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வாரம் டியூப் இருக்கும். டியூப் எடுத்த பிறகு ஆரம்பத்தில் பலருக்கும் நீர் கசியும். இருமினால், குனிந்தால், மூட்டை தூக்கினால் சொட்டும். மேலே சொன்ன ஆய்வில், ஆபரேஷன் ஆனவர்களில் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 46 பேர் பேடு பயன்படுத்தினார்கள். ஆறு வருடத்தில் 17 பேர். கதிர்வீச்சு எடுத்தவர்களில் இது ஆறு மாதத்தில் 5, ஆறு வருடத்தில் 4. இடுப்புத் தளத் தசையை இறுக்கி விடும் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொண்டவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். நடைமுறையில் ஒன்று: வேட்டிக்குள் பேடு நிற்காது. இறுக்கமான உள்ளாடை வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்கு நெல் மூட்டை, உரமூட்டை தூக்கக் கூடாது. டிராக்டர், பைக் ஓட்டுவதை டாக்டர் சொன்ன பிறகுதான் தொடங்க வேண்டும்.

விறைப்புத்தன்மைக்கான நரம்புகள் சுரப்பியை ஒட்டியே ஓடுகின்றன. அமெரிக்காவில் பாட்ரிக் வால்ஷ் என்ற அறுவை மருத்துவர் 1982-இல் அந்த நரம்புகளைக் காப்பாற்றிச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகும் பாதிப்பு பெரியதுதான்: புரொடெக்ட் ஆய்வில் ஆறு மாதத்தில் விறைப்பு போதுமானதாக இருந்தவர்கள் ஆபரேஷனில் நூற்றுக்கு 12, கதிர்வீச்சில் 22, கண்காணிப்பில் 52. ஆறு வருடத்தில் முறையே 17, 27, 30. வயது கூடும்போது கண்காணிப்பில் இருந்தவர்களுக்கும் குறைகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு விந்து வெளிவராது. இனிக் குழந்தை பெற வேண்டும் என்று இருப்பவர் முன்பே சொல்ல வேண்டும்.

ரோபோ ஆபரேஷனைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இதில் நம் ஊருக்கு ஒரு தொடர்பு உண்டு: ரோபோ மூலம் புராஸ்டேட்டை எடுக்கும் முறையை டெட்ராய்ட் நகரில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நிலைநிறுத்திய மணி மேனன், நம் ஜிப்மரில் மருத்துவம் படித்தவர். ரோபோவில் ரத்த இழப்பு குறைவு, வீடு திரும்புவது சீக்கிரம். ஆனால் நீர் கசிவிலும் விறைப்பிலும் ரோபோவுக்கும் வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு காட்டியது. கருவியைவிட, செய்கிறவரின் கை அனுபவமே பெரிது. “சார், இந்த ஆபரேஷன் இங்க வருஷத்துக்கு எத்தனை பேருக்கு நடக்குது? நீங்களே எத்தனை செய்வீங்க?” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை; நல்ல டாக்டர் பதில் சொல்வார். ரோபோவுக்காகக் காணி நிலத்தை அடகு வைக்காதீர்கள். இதை என் சொந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன்.

கதிர்வீச்சு

வலி கிடையாது, மயக்கம் கிடையாது, ஒரு நாளைக்குச் சில நிமிடம்தான். சிரமம் தினசரிப் பயணத்தில் இருக்கிறது. முன்பு ஏழெட்டு வாரம் தினமும் போக வேண்டியிருந்தது. நெல்சன் மண்டேலாவுக்கு 2001-இல், 83 வயதில் இந்த நோய் தெரிந்தபோது ஏழு வாரக் கதிர்வீச்சுதான் கொடுத்தார்கள். அவர் 95 வயது வரை வாழ்ந்து 2013-இல் இறந்தார். இப்போது ஒவ்வொரு முறை கொடுக்கும் அளவையும் கூட்டி, 20 தடவையில், நான்கு வாரத்தில் முடிக்கும் முறை பரவலாகிவிட்டது. ஐந்தே தடவையில் முடிக்கும் முறையும் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குச் சமமான பலன் தருவதாக 2024-இல் பிரிட்டனை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு சொன்னது. பாகூரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்குப் போய்வருகிறவருக்கு 37 நாளுக்கும் 20 நாளுக்கும் உள்ள வித்தியாசம் கூலியில், பஸ் காசில், உடம்புச் சோர்வில் தெரியும். “எத்தனை தடவை? குறைவான தடவையில் முடிக்க எனக்கு வாய்ப்பு இருக்கிறதா?” என்று கதிர்வீச்சு டாக்டரிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு தடவையும் நீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதிர் குறி தவறாமல் விழும். வீட்டிலேயே தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டால் பஸ்ஸில் அவதிதான். பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போய், அங்கே போய்ச் சேர்ந்ததும் டெக்னீஷியன் சொல்லும் நேரத்தில் குடியுங்கள். சிகிச்சை நடக்கும் வாரங்களில் நீர் எரிச்சல், அடிக்கடி போவது, வயிற்றோட்டம், சோர்வு வரும். முடிந்து சில வாரத்தில் அடங்கும். சிலருக்கு வருடங்கள் கழித்து மலத்தில் ரத்தம் தெரியலாம். மூலம் என்று நினைத்து நாமாக மருந்து போடாமல், கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் காட்ட வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பினால் கதிர்வீச்சு கொடுக்கலாம். கதிர்வீச்சுக்குப் பிறகு சுரப்பியை அறுத்து எடுப்பது கடினம். இதைச் சொல்லி ஆபரேஷனை முதலில் செய்துகொள்ளச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது ஒன்றே காரணமாக இருக்கக் கூடாது. கதிர்வீச்சுக்குப் பிறகு நோய் திரும்பினாலும் வேறு வழிகள் உண்டு.

நடுத்தர ஆபத்து வகையில் கதிர்வீச்சோடு பெரும்பாலும் ஆறு மாதம் ஹார்மோன் ஊசி சேர்ப்பார்கள். அதிக ஆபத்து வகையில் ஒன்றரை வருடம் முதல் மூன்று வருடம் வரை. உடல் சூடு பறக்கும், ஆசை குறையும், எலும்பு தேயும், சர்க்கரை கூடலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. விதைகளை எடுக்கும் சிறிய ஆபரேஷனும் ஹார்மோன் வைத்தியம்தான்; முற்றிய நோய்க்கு அது நல்ல, மலிவான வழி. ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதால் ஆரம்பநிலை நோயாளியின் வீட்டாரும் அதையே கேட்பதுண்டு. சுரப்பிக்குள் அடங்கிய நோயைக் குணமாக்க ஹார்மோன் வைத்தியம் மட்டும் போதாது. குணமாகும் நிலையில் உள்ளவருக்கு அதை மட்டும் செய்து நிறுத்திவிட யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு டாக்டர், ஒரு நோயாளி

2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க டாக்டர்களிடம் ஆரம்பநிலை நோய்க்கு எது நல்லது என்று கேட்டிருந்தார்கள். சிறுநீரக அறுவை மருத்துவர்களில் நூற்றுக்கு 93 பேர் ஆபரேஷன் என்றார்கள். கதிர்வீச்சு டாக்டர்களில் 72 பேர் கதிர்வீச்சும் ஆபரேஷனும் சமம் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தினமும் கண்ணால் பார்த்துத் தேறியவர்களை வைத்துச் சொல்கிறார்கள். ஆகவே இரண்டு துறையிலும் ஒவ்வொருவரைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். பெரிய மருத்துவமனைகளில் எல்லாத் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யும் ‘டியூமர் போர்டு’ இருக்கும். என் கேஸை அங்கே வைப்பீர்களா என்று கேட்கலாம்.

நம் வீடுகளில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. “அப்பாவுக்குத் தெரிய வேணாம் டாக்டர், தாங்க மாட்டாரு” என்று பிள்ளைகள் முந்திக்கொள்வது. அன்பினால் செய்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த நோயில் அது அப்பாவுக்குச் செய்யும் அநியாயம். நீர் சொட்டுவதைத் தாங்கிக்கொள்ளலாமா, நான்கு வாரம் அலையலாமா, தாம்பத்திய வாழ்க்கையில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை அவருக்காக இன்னொருவர் சொல்ல முடியாது. 65 வயதில் அதெல்லாம் எதற்கு என்று மகன் நினைப்பான்; அப்பா அப்படி நினைக்காமல் இருக்கலாம், அதை மகன் முன்னால் சொல்லவும் மாட்டார். எனவே டாக்டரைப் பார்க்கும்போது ஐந்து நிமிடமாவது நோயாளியும் அவர் மனைவியும் மட்டும் இருக்கும்படி செய்யுங்கள். மருமகன், பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் வெளியே இருக்கட்டும். அம்மாவிடமும் கேளுங்கள். டியூபைப் பார்த்துக்கொள்வதும், ராத்திரி துணி மாற்றுவதும் அவர்தான்.

சம்பா அறுவடை முடியட்டும் என்று குறைந்த ஆபத்து வகை நோயாளி கேட்டால் அதைத் தட்டிக்கழிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் சொல்லித் தேதி வாங்கலாம்.

எங்கே போவது, பணம்

நம் கொம்யூன் பஞ்சாயத்துக்குள்ளேயே மருத்துவக் கல்லூரிகள் இருக்கும் வசதி நமக்கு உண்டு: பாகூர் பக்கத்தில் பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், வில்லியனூர் பக்கத்தில் அரியூர். சோதனைகளுக்கும் முதல் ஆலோசனைக்கும் இவை அருகில். கதிர்வீச்சு இயந்திரம் எல்லா இடத்திலும் இருக்காது. போவதற்கு முன் விசாரியுங்கள். கோரிமேட்டில் ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது; சிறுநீரக அறுவை, கதிர்வீச்சு இரண்டு துறையும் ஒரே வளாகத்தில். கூட்டம் அதிகம், காலையிலேயே போக வேண்டும், தேதி கிடைக்க நாளாகும். மேலே சொன்ன அவகாசம் இங்கேதான் உதவும். இரண்டாவது கருத்துக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கின்றன.

ஆயுஷ்மான் பாரத் அட்டை உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இது உண்டு. ‘வய வந்தனா’ அட்டை என்று 2024 அக்டோபர் கடைசியில் தொடங்கினார்கள். மஞ்சள் ரேஷன் கார்டுதானே, நமக்குக் கிடைக்காது என்று பெரியவர்களுக்கு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். அட்டை இருந்தால் மட்டும் போதாது. அந்த மருத்துவமனையில், அந்தச் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டு உறுதி செய்யுங்கள். வெளியூர் சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் கட்டணம் முழுவதும் சலுகை, துணைக்குப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஒரு ஃபைல் போடுங்கள். பி.எஸ்.ஏ. முடிவுகள் தேதி வரிசையில், பயாப்சி ரிப்போர்ட், எம்.ஆர்.ஐ. சி.டி., சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஆதார், ரேஷன் கார்டு நகல். ஒரிஜினலை யாரிடமும் விட்டு வராதீர்கள்.

நோயாளியின் அண்ணன் தம்பிகளுக்கும் மகன்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அவர்கள் 45 வயதிலிருந்து பி.எஸ்.ஏ. பார்ப்பதைப் பற்றி டாக்டரிடம் பேச வேண்டும். குடும்பத்தில் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக் கோளாறு அவற்றுக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் பொதுவான காரணமாக இருக்கலாம், அது இருந்தால் கண்காணிப்பு என்ற வழியையே மறுபடி யோசிக்க வேண்டிவரும். அத்தை, சித்தி, பாட்டி யாருக்கு என்ன வந்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி, அந்தத் தாளையும் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.